பூஜ்யம் புள்ளி ஆறு நாலு

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளிக் குடியிருக்கும் யூனிஸிடம், "உங்களுக்கு என்னங்க வேலை?" என்று யாராவது கேட்டால் ஒரு காலத்தில் அவள் முகம் மலர்ந்துவிடும். "கடலுக்கு அடியில எண்ணெய்க் குழாய் போகுது இல்லையா, அதுக்கு நான் டாக்டர்" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடலுக்கு நடுவே நிற்கும் எண்ணெய் மேடையிலிருந்து கரைக்கு வரும் குழாய், தரையில் தெரியாமல், சேற்றிலும் மணலிலும் வருடக்கணக்கில் கிடக்கும். உப்புத் தண்ணீர் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே போகும் கப்பலின் நங்கூரம் இடிக்கும். அடிமணல் நகர்ந்துபோய்க் குழாய் அந்தரத்தில் தொங்கும். இதையெல்லாம் வருடா வருடம் ஆள் இறக்கிப் பார்த்து, படம் எடுத்து, அளவெடுத்து வருவார்கள். அந்தப் படங்களையும் அளவுகளையும் உட்கார்ந்து படித்து, "இந்தக் குழாய் இன்னும் ஒரு வருடம் பத்திரமாக ஓடும்" என்றோ "இந்த இடத்தைப் பழுது பார்க்காமல் ஓட்டாதே" என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் யூனிஸின் வேலை. பல்லாவரம் ரேடியல் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. இருபத்து மூன்று வருடம்.

அவள் அங்கே சேர்ந்தபோது அந்த மாடியில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறைகூடக் கிடையாது. வேதியியல் படித்து, அரிமானத்தில், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதைப் பற்றி, மேல்படிப்பு முடித்தவள். முதல்முறை மேடைக்குப் படகில் போனபோது வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். கூட வந்த ஆண்கள் அன்று சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அந்தக் கதையை அலுவலகத்தில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலப்போக்கில் அவளுக்கு ஒரு பெயர் நிலைத்தது: "யூனிஸ் பார்த்தா சரியா இருக்கும்." இயக்குநர் ஜாய்சன் புது வாடிக்கையாளர்களிடம் அவளை அறிமுகப்படுத்தும்போது இதைத்தான் சொல்வார். அவளுக்குக் கேட்கக் கேட்க இனிக்கும். வீட்டில் கணவர் ஜெஃப்ரியிடம் அந்த வாசகத்தைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள், சலித்துக்கொள்வது போல.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்ச் மாதம் அந்த வேலை வந்தது. முப்பத்தோரு கிலோமீட்டர் குழாய். கரைக்குப் பக்கமாக இருக்கும் ஆழம் குறைந்த பகுதியை மட்டும் டைவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டும். வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடிப் பேசுவது வழக்கம். டைவர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் முகிலன். கோவிலம்பாக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். கல்குட்டையில் நீச்சல் பழகி, பிறகு முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டபோது அவன் மட்டும் கையைத் தூக்கினான்.

"மேடம், ஒரு டவுட்டு. கீழ ஒரே கலங்கலா கீது. கேமரால ஒண்ணும் தெரியாது. நாங்க கையால தடவிப் பாத்து வாயால சொல்றது தான். அத்த நீங்க கேப்பீங்களா, இல்ல படம் மட்டும் பாத்துட்டு எழுதிக்குவீங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். யூனிஸுக்குச் சுருக்கென்றது. அவன் கேட்டதைவிட, கேட்ட விதம். அந்த 'கீது'வும், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தோரணையும்.

"எல்லாம் ரெக்கார்ட் ஆகுது தம்பி. நீங்க உங்க வேலையைச் சரியாப் பண்ணுங்க, போதும்" என்றாள்.

"அது பண்ணிடுவோம்" என்று அவன் கையை இறக்கிக்கொண்டான்.

மே மாதம் படங்கள் வந்து சேர்ந்தன. மொத்தம் அறுபத்தெட்டு மணி நேரம். அவ்வளவையும் ஒரு மனுஷி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பச்சையும் பழுப்புமாகக் கலங்கிய தண்ணீர், அதில் எப்போதாவது தெரியும் ஒரு கை, ஒரு கம்பித் தூரிகை, சிப்பி ஒட்டிய குழாயின் முதுகு. கூடவே டைவர் மூச்சு விடும் சத்தம், தகரத்தைத் தேய்ப்பது போல, விடாமல். அந்தச் சத்தத்தைக் கேட்டால் யூனிஸுக்குத் தலைவலி வரும். எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அவள் ஒலியை அடக்கிவிட்டுப் பார்க்கப் பழகிவிட்டாள். படத்தையும் இரட்டை வேகத்தில் ஓட்டுவாள். சந்தேகம் வந்தால் நிறுத்திப் பார்ப்பாள். இதனால் இதுவரை எந்தத் தப்பும் நேரவில்லை. அல்லது நேர்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பதினோராவது கிலோமீட்டர் தாண்டி ஒரு இடம். எட்டு வருடத்துக்கு முன் ஏதோ கப்பலின் நங்கூரம் இடித்துக் குழாய் நசுங்கிய இடம் அது. அங்கே குழாயைச் சுற்றி இரண்டு பாதியாக ஓர் இரும்புக் கவ்வியை வைத்து, உள்ளே ரப்பர் கொடுத்து, போல்ட்டால் முறுக்கியிருந்தார்கள். கிளாம்ப் என்பார்கள். அந்தக் கிளாம்பின் மேல் டைவர் எடுத்த அளவு பூஜ்யம் புள்ளி ஆறு நாலு வோல்ட் என்று தாளில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் குழாயில் எடுத்த அளவெல்லாம் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு, ஒன்பது ஏழு.

கடல் தண்ணீரில் இரும்பு அநாதையாகக் கிடந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தால் காட்டுகிற எண் கிட்டத்தட்ட அதுதான், ஆறு நாலு. குழாய் நெடுக அலுமினிய வளையங்களை மாட்டி, இரும்புக்குப் பதிலாக அவை கரையும்படி செய்திருப்பதால்தான் மற்ற இடங்களில் எண் ஒன்பதுக்கு மேல் நிற்கிறது. எட்டுக்குக் கீழே போனால் ஆபத்து. இது அரிமானம் படிக்கிறவர்களுக்கு முதல் வருடப் பாடம். யூனிஸுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அந்த வளையங்களின் காப்பு கிளாம்புக்கும் கிடைக்கும்படி, கிளாம்பையும் குழாயையும் ஒரு தடித்த ஒயர் இணைக்கிறது என்று வரைபடத்தில் இருந்தது. இணைந்திருக்கும்போது பக்கத்தில் ஒன்பது எட்டும் நடுவில் ஆறு நாலும் எப்படி வரும்? வராது. ஆகவே டைவர் அளவுக் கம்பியின் முனையைச் சரியாக ஊன்றவில்லை. சிப்பியின் மேலோ பெயின்ட்டின் மேலோ வைத்திருப்பான். படத்தை நிறுத்திப் பார்த்தாள். வெறும் சேறு. டைவர் யார் என்று தாளைப் பார்த்தாள். முகிலன்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் தனக்குள் ஒரு சின்னத் திருப்தி எழுந்ததை அவள் பிற்பாடு மறைக்கவில்லை. "உங்க வேலையைச் சரியாப் பண்ணுங்க" என்று அன்றைக்கே சொன்னோமே என்று தோன்றியது. எழுதினாள்: "இந்த அளவு ஏற்கப்படவில்லை. காரணம்: டைவரின் பிழை." அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி அச்சடித்திருக்கும்: படப்பதிவு முழுவதும் ஒலியுடன் பார்க்கப்பட்டதா? எப்போதும் போல 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.

அந்த ஒரு வரி எங்கெங்கே போயிற்று என்று அவள் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. குழாயின் சொந்தக்கார நிறுவனம், டைவர்களை அனுப்பிய ஒப்பந்தக்காரரிடம் விளக்கம் கேட்டது. ஒப்பந்தக்காரர் விளக்கம் சொல்வதற்குப் பதிலாக, பிழை செய்த ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக எழுதி அனுப்பினார். அதன் நகல் யூனிஸின் மேஜைக்கும் வந்தது. அவள் அதைக் கோப்பில் சேர்த்தாள்.

அடுத்த வருடச் சோதனை தள்ளிப்போயிருந்த நிலையில், ஜூனில் குழாய் கசிந்தது.

கிளாம்பின் போல்ட்டுகள் அரித்து இற்றுப்போய், கவ்வி விலகி, பழைய நசுங்கலில் விரிசல் திறந்துகொண்டது. விடிந்து கடலுக்குப் போன படகுக்காரர்கள் தண்ணீரின் மேல் வானவில் போல ஒரு படலம் மிதப்பதைப் பார்த்துத் தகவல் சொன்னார்கள். அதற்குள் கரையோரம் ஒரு மீனவக் குப்பத்தில் எண்ணெய் ஒதுங்கிவிட்டது. யாரும் சாகவில்லை. பத்திரிகையில் ஒரு படம் வந்தது: பெண்கள் வலையை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார்கள், முழங்கை வரை கறுப்பு. தோலில் கொப்புளம் வந்து இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகக் கீழே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை யூனிஸ் மடித்து, மற்ற பழைய பேப்பர்களுக்கு அடியில் வைத்தாள்.

விசாரணைக் குழு போட்டார்கள். ஜாய்சன் அவளைக் கூப்பிட்டார். மனிதர் கலங்கியிருந்தார், ஆனால் குரலைத் திடமாக வைத்துக்கொண்டார்.

"யூனிஸ், பயப்படாதீங்க. ரீடிங் ரிஜெக்டட், டைவர் எரர்னு நம்ம ரிப்போர்ட்ல தெளிவா இருக்கு. அவங்க தப்பா அளந்து கொடுத்தா நாம என்ன பண்றது? அந்தப் பதினோராம் கிலோமீட்டர் வீடியோவை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்றாங்க. ஒரு பத்து நிமிஷம் வர்ற மாதிரி கட் பண்ணிடுங்க."

வெட்டி எடுப்பதற்காகத்தான் அவள் அந்தப் பகுதியைத் திறந்தாள். மதியம் இரண்டு மணி. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சரியாகப் பிடிப்பதற்குப் படம் உதவவில்லை, எல்லாம் ஒரே சேறு. பக்கத்து மேஜையிலிருந்து ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டாள். முதல் தடவையாக அந்தப் படத்துக்குச் சத்தம் வந்தது.

மூச்சு. பிறகு மேலே படகில் இருக்கும் மேற்பார்வையாளரின் குரல்: "முகிலா, ரீடிங் சொல்லு."

"ஆறு நாலு. பூஜ்யம் புள்ளி ஆறு நாலு."

"தப்பா கீது பாரு. நல்லாத் தேய்ச்சிட்டு வையி."

தூரிகை இரும்பில் உரசும் சத்தம், வெகு நேரம். மூச்சு வாங்குகிறது.

"அண்ணா, மூணு தபா வச்சிட்டேன். வெள்ளையா இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சாச்சு. நம்பரு ஆடக்கூட மாட்டேங்குது. ஆறு நாலு தான்."

"சரி, எழுதிக்கினேன். மேல போ."

"இரு, இன்னொண்ணு. கிளாம்ப்லேர்ந்து லைனுக்குப் போற ஒயரு கீது இல்ல, அது அறுந்து கீது. கேமரால தெரியாது, கையில புடிச்சிகினு சொல்றேன். இந்த முனை தனியா, அந்த முனை தனியா. எழுதிக்கோ."

"பார்ம்ல அதுக்கு எடம் இல்லப்பா."

"எடம் இல்லாங்காட்டி வுடு. ரெக்கார்ட் ஆவுது இல்ல? மேடம் கேட்டுக்குவாங்க."

யூனிஸ் அதை மறுபடி ஓட்டினாள். மறுபடியும். காது மடல் இரண்டும் நெருப்பாகக் காந்தின. முனை சரியாக ஊன்றாவிட்டால் எண் நிலையாக நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். ஆடவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். மூன்று முறை வைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அதற்குக் காரணத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில், அவளுக்கென்றே சொல்லியிருக்கிறான். அவள் கேட்டுக்கொள்வாள் என்று அவன் நம்பியிருக்கிறான்.

அவள் எழுந்து பெண்கள் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கண்ணாடியைப் பார்க்கக் கூசியது.

இந்த இடத்தில் அவள் நேரே போய் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை வேறு. சொல்லவில்லை. ஜாய்சன் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா? ஃபைல் பெருசா இருந்தா ஆடியோவை எடுத்துடுங்க, அவங்க மெயில் வாங்காது" என்றார். அவருக்கு அந்த ஒலியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தே, "சரி சார்" என்றாள். ஒலியை நீக்கிவிட்டு வெறும் சேற்றை அனுப்பி வைத்தாள். கேளாமல் விட்டது ஒரு தப்பு என்றால், கேட்ட பிறகு செய்த இது எந்தக் கணக்கில் சேரும்?

பதினோரு நாள் அப்படியே போயிற்று. காலையில் எழுந்து இட்லி ஊற்றினாள், மகள் ஜெரூஷாவின் டப்பாவைக் கட்டினாள், மேடவாக்கம் கூட்டத்தில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்து இருக்கை கிறிஸ்டி அக்கா, "உங்க ஆபீஸ் சம்பந்தப்பட்டதாமே அந்தக் கசிவு? நீ பார்த்த வேலைன்னா சரியாத்தான் இருந்திருக்கும்" என்று கையைத் தட்டிக் கொடுத்தாள். யூனிஸ் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு நற்கருணைக்கு எழுந்து போகவில்லை. வயிறு சரியில்லை என்று ஜெஃப்ரியிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெஃப்ரி நல்ல மனிதர். நிதானமாகக் கேட்டார்.

"நீ ஒருத்தி மட்டுமா தப்புப் பண்ணே? மேல உக்காந்து கேட்டவன் எழுதல. ஃபார்ம்ல இடம் இல்ல. வருஷத்துக்கு அறுபத்தெட்டு மணி நேரத்தை ஒரே ஆள் தலையில கட்டினாங்க. யோசிச்சுப் பாரு."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் அவளைக் குத்தியது. அந்த உண்மைகளையெல்லாம் அவள் ஏற்கெனவே பதினோரு நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குழுவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பிழையான அளவு கொடுத்த டைவரின் முழு விவரம் வேண்டும். அவர் சான்றிதழை ரத்து செய்யப் பரிந்துரைக்கப் போகிறார்கள். ஜாய்சன் அதை அவளுக்கே அனுப்பியிருந்தார். அவள் பழைய கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினாள். முகிலன். தகப்பனார் பெயர் பொன்னுரங்கம். கோவிலம்பாக்கம். கதவு எண் அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அந்த முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கோவிலம்பாக்கத்தில் அந்தத் தெருமுனை முழுக்கத் தண்ணீர் லாரிகள். கிணற்றடியில் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நிரப்பிக்கொண்டிருந்தன. சேறு மிதித்து உள்ளே போய்க் கதவைத் தட்டினாள். முகிலனின் மனைவி கீதா வந்தாள், கையில் அரைத்த மாவு. "அவரா? லாரி ரொப்பிகினு கீறாரு. இருங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

முகிலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்?"

அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "நீங்க கீழேருந்து சொன்னதை நான் கேக்கலை" என்றாள். "ஒயர் அறுந்துருக்குன்னு சொன்னீங்க. நான் சத்தத்தை அடக்கிட்டுத்தான் பார்த்தேன். கேட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். நீங்க தப்பா அளந்தீங்கன்னு எழுதினதும் நான்தான்."

கீதாதான் கேட்டாள்: "அப்ப அந்த லைன் புட்டுக்கிச்சே, டிவில காட்டுனானே, அது இவரு சொன்ன எடமா?"

"ஆமாம்மா."

"இத்தினி நாளா இவரு ஊட்ல தூங்காம, 'நான் எங்கியாச்சும் தப்பா வச்சிட்டனா, சிப்பி மேல வச்சிட்டனா'ன்னு பொலம்பிகினு கீறாரு. ஒரு வருசம்." கீதாவின் குரல் உயரவில்லை. மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். "உங்களுக்குப் படம் மட்டும் போதும் போல."

யூனிஸ் தரையைப் பார்த்தாள். அவனுக்கு வேலை போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். அவன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது வேலை போனதைவிடப் பெரிதாக அவள் மேல் இறங்கியது.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"கீதா, நீ உள்ள போ" என்றான் முகிலன். பிறகு அவளிடம், "மேடம், என் ஊட்டு வாசல்ல வந்து சொல்லிட்டா இன்னா ஆவும்? இங்க கேக்கறது நானும் இவளும், அந்த லாரிக்காரனும். டைவர் எரர்னு நீங்க எழுதுனது இங்கயா? எங்க எழுதுனீங்களோ அங்க போய் எழுதுங்க. அதுக்கப்பறம் மன்னிக்கறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்" என்றான்.

லாரி நிரம்பி வழிந்தது. "தோ வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே அவன் ஓடினான். கீதா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீடு தேடி வந்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாள், அவ்வளவுதான். யூனிஸ் குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

குழு அந்த வியாழக்கிழமை கிண்டியில் கூடியது. தாம்பரத்தில் ரயில் ஏறும்போதே ஜாய்சனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். "நல்லா யோசிச்சுட்டீங்களா? கம்பெனி பேரு போகும், யூனிஸ். உங்க பேரும் போகும்" என்றார். "தெரியும் சார்" என்றாள். அவர் தடுக்கவில்லை. கூட்டத்துக்கு வந்து அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

குழுவின் தலைவர் எழில் என்ற பெண் அதிகாரி. யூனிஸைவிடப் பத்து வயது இளையவர். யூனிஸ் தன் மடிக்கணினியைத் திறந்து, ஒலியோடு அந்தப் பகுதியை ஓட்டினாள். ஏழு பேர் உட்கார்ந்திருந்த அறையில் முகிலனின் மூச்சு கேட்டது. தூரிகை உரசியது. 'மேடம் கேட்டுக்குவாங்க' என்ற இடம் வந்தபோது ஒருவர் தொண்டையைச் செருமினார். முடிந்ததும் எழில் கேட்டார்:

"எங்களுக்கு வந்த கிளிப்ல ஆடியோ இல்லையே. அதை அனுப்பினது யார்?"

"நான்தான்."

"அப்ப இந்த ஆடியோவை நீங்க கேட்டிருந்தீங்களா?"

"கேட்டிருந்தேன்."

"ஆடியோ வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?"

ஜாய்சன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூனிஸ் எழிலைப் பார்த்தே சொன்னாள்: "ஃபைல் பெருசா இருக்கும்னு சொன்னாங்க. சொன்னவங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாது. எனக்குத் தெரியும். அதனால அது என் தப்பு மட்டும்தான்."

எழில் எழுதிக்கொண்டார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு முந்தின வருஷங்கள்ல நீங்க பார்த்த வீடியோ எல்லாம்?"

அதைத்தான் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று அவள் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தாள். "பத்துப் பன்னிரண்டு வருஷமா எதையும் ஒலியோட பார்த்ததில்லை" என்றாள். அவள் கையெழுத்திட்ட அத்தனை அறிக்கைகளும் அந்த நிமிடத்தில் சந்தேகத்துக்கு உரியவையாக ஆகிவிட்டன. அத்தனை படங்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஆறு பேர் நான்கு மாதம் உட்கார்ந்து பார்த்தார்கள். இன்னும் இரண்டு இடங்களில் டைவர்கள் சொன்னது தவறவிடப்பட்டிருந்தது. ஆபத்து நேருமுன் சரிசெய்துவிட்டார்கள். அந்த இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் அவளுடைய சக ஊழியர்கள். அதைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்கள்.

கையெழுத்து அதிகாரம் இரண்டு வருடத்துக்குப் பறிக்கப்பட்டது. ஜன்னலோர மேஜை போயிற்று. வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள், முன்பு அவளுக்குக் கீழே இருந்தவர்கள் செய்த வேலை. ஜாய்சன் மரியாதை குறையாமல்தான் பேசினார், ஆனால் புது வாடிக்கையாளர் வந்தால் அவளைக் கூப்பிடுவதில்லை. ஆலயத்தில் போதகரின் மனைவி விஷயத்தைக் கேள்விப்பட்டு, "ஆண்டவர் மன்னிச்சிட்டார்மா, இனிமே நீ அதையே நினைக்கக் கூடாது" என்று தோளில் கை வைத்தார். யூனிஸ் தலையாட்டினாள். ஆண்டவர் மன்னித்திருக்கலாம். ஆனால் சிப்பி மேல் வைத்துவிட்டோமோ என்று ஒரு வருடம் தூங்காதவன் கோவிலம்பாக்கத்தில் இருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

டைவரின் பிழை என்ற முடிவு தவறு, அளவு சரியானது, எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டிருந்தது என்று குழு எழுத்தில் கொடுத்தது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் முகிலன் தொலைபேசியில் கூப்பிட்டான். நன்றி சொல்லவில்லை.

"மேடம், லெட்டர் வந்துது. இத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? பிரேம் போட்டு மாட்டவா? எனக்கு வேல குடுக்காத மூணு காண்ட்ராக்டர் கீறாங்க. அவங்களுக்கு உங்க வாயால சொல்லணும்."

மூன்று பேரையும் யூனிஸ் கூப்பிட்டாள். முதலாமவர், "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். இரண்டாமவர் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாமவரிடம் தன் பெயரைச் சொல்லி, தான் செய்ததைச் சொல்லி, முகிலன் என்ற டைவரின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று முடித்தாள். அவர் சற்று யோசித்துவிட்டு, "முகிலனா? யாரும்மா அது? ஓ, அந்த எரர் கேஸா... லிஸ்ட்ல அடிச்சதோட மறந்தே போச்சு" என்றார். போனை வைத்த பிறகும் அவள் வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு ஆளை அழிப்பதற்கு யாருக்கும் கோபம்கூட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாமவர்தான் முகிலனுக்கு வேலை கொடுத்தார், துறைமுகத்தில் தூண்களைப் பார்க்கும் வேலை. அது கீதா சொல்லித்தான் தெரிந்தது. ஒரு நாள் மேடவாக்கம் காய்கறிக் கடையில் எதிரே வந்தபோது, "போறாரு, இப்ப ரெண்டு மாசமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெண்டைக்காயைப் பொறுக்கத் தொடங்கினாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் பருவம் தொடங்குமுன் டைவர்களைக் கூட்டி, போன விபத்தைப் பாடமாகச் சொல்ல வேண்டும் என்று ஜாய்சன் சொன்னார். பெயர்கள் இல்லாமல் நான்கு பக்கம் தயாரித்திருந்தார்கள். 'ஒரு பொறியாளர்', 'ஒரு டைவர்' என்று இருந்தது. யூனிஸ் எழுந்து நின்று முதல் பக்கத்தைப் பார்த்தாள். எட்டு டைவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுல ஒரு பொறியாளர்னு போட்டிருக்கிறது நான்தான். டைவர் பேரு முகிலன். அவர் சொன்னது சரி" என்று ஆரம்பித்தாள். முழுவதையும் சொன்னாள், ஒலியை நீக்கி அனுப்பியதையும் சேர்த்து. சொல்லச் சொல்ல முகம் எரிந்தது. ஒரு முறை சொல்லிவிட்டால் குறைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை.

முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். வயதான டைவர், காது மந்தமானவர் போல. "அந்தாளு உங்களோட பேசறாரா மேடம்?"

"இல்லை" என்றாள்.

அவர் தலையாட்டினார். கேட்க நினைத்தது அவ்வளவுதான் போலிருந்தது. யூனிஸ் இந்த வருடத்துக்கான புதுத் தாளை எல்லாருக்கும் கொடுத்தாள். டைவர் வாயால் சொன்னதை எழுதுவதற்கென்று அதில் அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தது. ஒவ்வொருவராக வாங்கி, புரட்டிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு வரைபடத்தை விரித்து, கரையிலிருந்து முதல் கிலோமீட்டரில் தொடங்கிப் பேசினார்கள்.